பூமி நகர்ந்ததற்குச் சாட்சி

சூரியன் நடுவே நிற்க, பூமி அதைச் சுற்றி ஓடுகிறது என்ற கொள்கையை ஒரு காலத்தில் எதிர்த்து நின்றவர்கள் அனைவரையும் மூடர்கள் என்றும் மதவெறி கொண்டவர்கள் என்றும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவது பாடநூல்களுக்கு வழக்கமாகிவிட்டது. ரோமாபுரியில் கலிலியோ மண்டியிட்ட காட்சியின் பரிதாபம் நம் மனத்தை அவ்வளவு தூரம் கவர்ந்துகொண்டிருப்பதால், எதிர்க்கட்சியாரிடமும் வலுவான கேள்வி ஒன்று இருந்தது என்பதையும், அதற்கு நேரான விடை கலிலியோவிடம் இல்லை, அவருக்கு முந்திய கோப்பர்நிக்கஸிடமும் இல்லை, பிந்திய நியூட்டனிடமும் இல்லை என்பதையும் நாம் மறந்துபோகிறோம். அந்தக் கேள்வி பட்ட பாடே சூரியமையக் கொள்கையின் மெய்யான சரித்திரம் என்பது என் எண்ணம்.

கோயில் பிராகாரத்தில் நடந்து செல்பவனுக்கு, அருகிலுள்ள தூண் தூரத்துக் கோபுரத்துக்கு ஒரு கணம் வலப்புறமும் மறுகணம் இடப்புறமும் நிற்பதாகத் தோன்றுகிறது. நகர்பவன் அவன், நகர்வதாகக் காண்பது தூண். பூமி ஒரு பெருவட்டத்தில் ஆண்டுதோறும் ஓடுவது மெய்யானால், தை மாதத்தில் அவ்வட்டத்தின் ஒரு கோடியிலிருந்தும் ஆடி மாதத்தில் மறு கோடியிலிருந்தும் வானத்தை நோக்கும்போது, நமக்கு அண்மையிலுள்ள நட்சத்திரங்கள் சேய்மையிலுள்ளவற்றின் நடுவே சிறிதேனும் இடம் மாறித் தோன்ற வேண்டும். இந்த இடமாறு தோற்றத்தை அக்காலத்தில் எவரும் கண்டதில்லை. தாத்தா பார்த்த இடத்திலேயே பேரனும் நட்சத்திரங்களைப் பார்த்தான். ஆகையால் பூமி நகரவில்லை என்று முடிவு செய்தவனை அறிவிலி என்று எவ்வாறு சொல்வது?

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், ஈஜியன் கடலிலுள்ள சாமோஸ் தீவில் பிறந்த அரிஸ்டார்க்கஸ் இக்கொள்கையை முதன்முதலில் தெளிவாக மொழிந்தார். சூரியனும் சந்திரனும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எவ்வளவு பெரியவை என்று கணக்கிட்ட அவருடைய சிறு நூல் இன்றும் கிடைக்கிறது. சூரியன் சந்திரனைப்போல் பதினெட்டு முதல் இருபது மடங்கு தூரத்தில் உள்ளது என்று அவர் கண்டது உண்மையில் ஏறத்தாழ நானூறு மடங்காக இருந்தாலும், சூரியன் பூமியைவிடப் பன்மடங்கு பெரியது என்பது அதனாலேயே அவருக்கு விளங்கிற்று. பெரியது சிறியதைச் சுற்றுவானேன் என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் பூமியின் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதியது காலவெள்ளத்தில் மறைந்துவிட்டது. சிராக்யூஸ் மன்னனுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய மணல் கணக்கு நூலில் அதைக் குறித்து வரும் சில வரிகளே நமக்கு மிச்சம். அச்சில வரிகளுக்குள் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது: நட்சத்திர மண்டலம் அத்தனை பெரிது, அதற்கு முன் பூமி ஓடும் வட்டமே ஒரு புள்ளிக்குச் சமானம் என்று அரிஸ்டார்க்கஸ் சொல்லியிருக்கிறார். கேள்வியை அவர் முன்கூட்டியே உணர்ந்து விடையும் அளித்துவிட்டார் என்பதே இதன் பொருள். விடை சரியானதுதான், ஆனால் ஒரு கொள்கையைக் காப்பாற்றுவதற்காக அகிலாண்டத்தையே ஊதிப் பெருக்குகிறவனை அக்காலத்து அறிஞர்கள் ஐயத்தோடு பார்த்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் அலெக்ஸாண்டிரியாவில் தாலமி, அசையாத பூமியை நடுவே நிறுத்தி, ஒவ்வொரு கிரகமும் ஒரு சிறு வட்டத்தில் சுழல, அச்சிறு வட்டத்தின் மையம் ஒரு பெருவட்டத்தில் செல்வதாக அமைத்த கணிதம் ஆயிரத்து நானூறு ஆண்டு கோலோச்சியது. முன்னோக்கிச் செல்லும் செவ்வாய் ஒருநாள் நின்று, சில வாரம் பின்னோக்கி நகர்ந்து, மீண்டும் முன்னே செல்வதாகிய வக்ரகதியை அது செவ்வையாகக் கணித்துக் கொடுத்தது. பஞ்சாங்கம் கணிப்பவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கணக்குப் பலிப்பதனால் மட்டும் உருவம் மெய்யாகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ஜாந்தி, தமிழ்க் கணிதர்கள் எழுதுகோலின்றிச் சோழிகளைப் பரப்பியே கிரகண காலத்தைச் சொல்லிவிடும் வேகத்தைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். அவர்களுடைய கணிதத்திலும் பூமி அசையாமல்தான் நின்றது. சந்திரன் சரியான நேரத்தில் மறைந்தான்.

தாலமியின் ஏற்பாட்டில் மனம் ஒட்டாதவர்கள் இடையிடையே தோன்றினார்கள். பெருவட்டத்தின் மையத்துக்கு அப்பால் வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான் கிரகத்தின் வேகம் சீராக இருக்கும் என்று தாலமி செய்துகொண்ட உபாயம், வட்டச் சீரொழுக்கத்தைத் தெய்வ நியதியாகக் கருதியவர்களுக்கு உறுத்தலாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து மராகா வானாய்வகத்தில் நசீருத்தீன் தூசியும், அடுத்த நூற்றாண்டில் டமாஸ்கஸ் பெரிய மசூதியில் தொழுகை நேரம் கணித்துவந்த இப்னு அல்-ஷாத்திரும் அந்த உறுத்தலை நீக்கப் புதிய வட்டங்களை வகுத்தார்கள். இப்னு அல்-ஷாத்திர் சந்திரனுக்கு வகுத்த கணிதமும் பின்னர் கோப்பர்நிக்கஸ் எழுதியதும் ஒன்றாகவே இருப்பது அறிஞர்களிடையே இன்னும் விவாதத்துக்குரிய விஷயம். ஆனால் மராகாவிலும் டமாஸ்கஸிலும் பூமியை எவரும் நகர்த்தவில்லை.

நகர்த்தியவர் ஒரு தேவாலய அதிகாரி. 1473இல் விஸ்துலா நதிக்கரையில் உள்ள தோருன் நகரில் பிறந்து, கிராக்கோவில் கல்வி தொடங்கி, இத்தாலியில் போலோனாவிலும் பாதுவாவிலும் சட்டமும் வைத்தியமும் பயின்று, பிஷப்பாக இருந்த தாய்மாமனுடைய தயவால் பால்டிக் கரையோரத்து ஃபிராம்போர்க் தேவாலயத்தில் நிலையான உத்தியோகம் பெற்ற நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ், குத்தகைக் கணக்குப் பார்ப்பதும், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதும், நாணயச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதுவதும், டியூட்டானிக் வீரர்கள் படையெடுத்தபோது ஓல்ஷ்டின் கோட்டையைக் காப்பதுமாகிய அலுவல்களுக்கிடையே, ஓய்ந்த வேளைகளில் மரத்தாலான எளிய கருவிகளைக் கொண்டு வானத்தை அளந்துவந்தார். 1514க்கு முன்னரே தம் கொள்கையைச் சில தாள்களில் எழுதி நண்பர்களுக்குள் சுற்றவிட்ட அவர், முழு நூலை வெளியிடாமல் ஏறக்குறைய முப்பது ஆண்டு வைத்திருந்தார். போப்பாண்டவருக்கு அஞ்சினார் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் தம் நூலை அந்தப் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கினார் என்பதை நினைக்கும்போது, கற்றோர் நகைப்பார்களே என்ற கூச்சமே மேலோங்கி நின்றது என்று கொள்வது பொருந்தும்.

அவருடைய கொள்கையின் அழகு எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் பூமி, மெல்லச் செல்லும் செவ்வாயைக் கடந்து முந்துகிறபோது செவ்வாய் பின்வாங்குவதாகத் தோன்றுகிறது. எனவே வக்ரகதிக்கென்று தனி வட்டம் வேண்டியதில்லை. புதனும் சுக்கிரனும் ஏன் எக்காலமும் சூரியனை விட்டு விலகாமல் அந்தியிலும் விடியலிலும் மட்டும் தலைகாட்டுகின்றன என்பதற்கும், அவற்றின் பாதை நம் பாதைக்கு உள்ளே அமைந்திருக்கிறது என்ற ஒரு சொல்லே விடையாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியனிடமிருந்து தூரம் கூடக்கூடச் சுற்றும் காலமும் நீள்கிறது: பூமிக்கு ஓராண்டு, செவ்வாய்க்கு ஏறத்தாழ இரண்டு, வியாழனுக்குப் பன்னிரண்டு, சனிக்கு முப்பது. தாலமியின் கணிதத்தில் ஒவ்வொரு கிரகமும் தனித்தனிக் குடும்பம். இங்கே அவை ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. கோப்பர்நிக்கஸும் வட்டத்தைக் கைவிடாததால் சிறு வட்டங்களை அவரால் ஒழிக்க முடியவில்லை. அவருடைய கணிப்பு தாலமியினுடையதைவிடப் பெரிதும் துல்லியமானதுமன்று. சூரியன்கூட அவர் அமைப்பில் சரியான மையத்தில் இல்லாமல் சற்று விலகியே இருக்கிறது.

1539இல் விட்டன்பர்க் சர்வகலாசாலையிலிருந்து, போப்பாண்டவரை எதிர்த்துப் பிரிந்த லூதரின் ஊரிலிருந்து, இருபத்தைந்து வயதுக் கணித ஆசிரியர் ஒருவர் இந்தக் கத்தோலிக்கப் பெரியவரைத் தேடி வந்தார். ஜார்ஜ் யோவாகிம் ரெடிக்கஸ் என்ற அந்த இளைஞர் வந்திராவிட்டால் நூல் அச்சேறியிருக்குமா என்பது சந்தேகமே. அவர் 1540இல் தம் ஆசிரியரின் கொள்கையைச் சுருக்கி வெளியிட்டு, உலகம் இடிந்துவிடவில்லை என்பதைக் காட்டி, பெரியவரின் சம்மதத்தைப் பெற்று, கைப்பிரதியை நூரம்பர்க் அச்சகத்தார் பெட்ரேயஸிடம் சேர்ப்பித்தார். பின்னர் லைப்சிக்கில் உத்தியோகம் கிடைத்து அவர் போய்விட, அச்சைக் கவனிக்கும் பொறுப்பு ஒசியாண்டர் என்ற லூதரன் போதகரிடம் வந்தது. அவரோ, இதிலுள்ளவை கணக்குக்கான கற்பிதங்களேயன்றி மெய்யாக இருக்க வேண்டியதில்லை என்று கையெழுத்திடாத முன்னுரை ஒன்றைத் தாமாகவே எழுதிச் சேர்த்துவிட்டார். பக்கவாதத்தால் படுத்திருந்த கோப்பர்நிக்கஸின் கைக்கு 1543 மே மாதம், அவர் இறந்த நாளில்தான், நிறைவுற்ற பிரதி வந்தது என்று அவருடைய நண்பர் கீசே எழுதியிருக்கிறார். முன்னுரையைப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. ஒசியாண்டர் செய்தது பச்சைத் துரோகம் என்று கீசே கொதித்தார். ஆனால் அந்தத் துரோகமே எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நூலுக்குக் கவசமாக நின்றதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி அந்தப் பழைய கேள்வியை எவரும் கேட்டிராத வலுவோடு கேட்ட மனிதரிடம் வருவோம். அக்காலத்தில் டென்மார்க்குக்கு உரியதாயிருந்த ஹ்வேன் தீவில் அரசனுடைய பொருளுதவியால் அரண்மனை போன்ற வானாய்வகம் கட்டிய டைகோ பிராஹி, தொலைநோக்கி பிறவாத காலத்திலேயே, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலை அளவுக்குத் துல்லியமாக நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார். அந்த அளவிலும் இடமாறு தோற்றம் தென்படவில்லை. ஆகவே கோப்பர்நிக்கஸ் சொல்வது மெய்யானால், நட்சத்திரங்கள் சனியைப்போல் எழுநூறு மடங்குக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அதோடு நிற்கவில்லை. வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு சிறு வட்டமாகத் தெரிகிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அப்படித் தெரிய வேண்டுமானால், நடுத்தர நட்சத்திரம் ஒன்றே பூமி ஓடும் பாதை முழுவதையும் தனக்குள் அடக்கும் பருமனுடையதாக இருக்க வேண்டும். இத்தகைய பூதங்களை நம்புவதைவிடப் பூமி நிற்கிறது என்று நம்புவதே புத்திசாலித்தனம் என்றார் டைகோ. நட்சத்திரத்துக்கு நம் கண் காட்டும் அந்த வட்டம் ஒளியின் மாயமே என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. தெரிந்த செய்திகளை வைத்துத் தர்க்கித்தால் டைகோவின் வாதத்தில் ஓட்டை காண்பது கடினம்.

ஆகையால் அவர் நடுவழி ஒன்றை வகுத்தார்: மற்றக் கிரகங்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் அவற்றையும் அழைத்துக்கொண்டு பூமியைச் சுற்றட்டும். ஏறத்தாழ இதே அமைப்பை, அவர் அதை 1588இல் வெளியிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கேரளத்தில் திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி எழுதியிருந்தார். 1500ஆம் ஆண்டையொட்டி முடிந்த தந்திரசங்கிரகத்தில் புதன், சுக்கிரன் ஆகியவற்றின் கணிதத்தைத் திருத்திய அவர், ஆரியபடீயத்துக்குத் தாம் எழுதிய பாஷ்யத்தில் கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதாகவும் சூரியன் பூமியைச் சுற்றுவதாகவும் விளக்குகிறார். டைகோவுக்கும் அவருக்கும் தொடர்பிருந்ததற்குச் சான்று ஏதுமில்லை.

டைகோ 1601இல் பிராகாவில் இறந்தபோது, அவருடைய அளவைக் குறிப்புகள் யோஹான்னஸ் கெப்ளரிடம் வந்து சேர்ந்தன. சூரியமையக் கொள்கையில் பக்தி என்றே சொல்லத்தக்க பற்றுக் கொண்டிருந்த கெப்ளர், செவ்வாயின் பாதையை வட்டமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டு, கடைசியில் எட்டுக் கலை மட்டுமே பிசகும் ஒரு விடையை அடைந்தார். வேறெவரும் அத்தோடு திருப்தியடைந்திருப்பார்கள். டைகோவின் அளவை எட்டுக் கலை பிசகாது என்ற நம்பிக்கையால், கெப்ளர் தம் உழைப்பு முழுவதையும் புறக்கணித்து மீண்டும் தொடங்கி, பாதை நீள்வட்டம் என்றும், சூரியன் அதன் ஒரு குவியத்தில் நிற்கிறது என்றும் கண்டார். இது 1609இல் அச்சாயிற்று. பூமி நிற்கிறது என்று சாதித்தவரின் நேர்மையான அளவையே பூமியை ஓட்டுவதற்கு உதவியது. சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்ட தாயை மீட்க வழக்காடிக்கொண்டும், சம்பள பாக்கிக்காக அரசாங்கத்தின் பின்னால் அலைந்துகொண்டும் அவர் முடித்த, கிரகங்களின் இடங்களைக் கணிக்க உதவும் ருடால்ஃபின் வாய்பாடு 1627இல் வெளிவந்தது. 1631 நவம்பர் 7ஆம் தேதி புதன் சூரியனுடைய முகத்தைக் கடக்கும் என்று அவர் குறித்திருந்த நாளிலேயே பாரிஸில் கசாந்தி என்ற வானநூலார் அக்கருநிறப் புள்ளியைக் கண்டார். குறித்தவர் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார்.

கலிலியோவின் கதை யாவரும் அறிந்தது. ஆகையால் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1610இல் அவர் தொலைநோக்கியால் கண்ட வியாழனின் நான்கு சந்திரர்கள், ஓடும் கிரகம் தன் துணைவர்களை இழந்துவிடாது என்பதைக் காட்டின. சுக்கிரன் வளர்பிறையும் தேய்பிறையுமாக மாறியது, அது சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதை ஐயமற நிறுவியது. தாலமி அன்றே வீழ்ந்தார். ஆனால் டைகோவின் அமைப்பிலும் சுக்கிரன் சூரியனையே சுற்றுவதால், கலிலியோ கண்டது எதுவும் அதை அசைக்கவில்லை. 1615இல் கர்தினால் பெல்லார்மின் எழுதிய கடிதம் ஒன்று இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது: பூமியின் ஓட்டத்துக்கு மெய்யான நிரூபணம் உண்டென்றால் வேதவாக்கியங்களுக்குப் பொருள் கொள்வதில் நாம் எச்சரிக்கையோடு நடக்க வேண்டியதுதான், ஆனால் அத்தகைய நிரூபணத்தை எனக்கு எவரும் காட்டவில்லை என்பது அதன் சாரம். கலிலியோ காட்ட முயன்றது கடலின் ஏற்றவற்றத்தை. அந்த வாதமோ பிழையானது. 1616இல் கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும் வரை தடை செய்யப்பட்டது. திருத்த வேண்டிய வரிகளின் பட்டியல் 1620இல் வந்தது. இத்தாலியிலிருந்த பிரதிகள் பலவற்றில் மையால் அடிக்கப்பட்ட அவ்வரிகளை இன்றும் காணலாம். பிற தேசத்துப் பிரதிகளில் அபூர்வம். 1633இல் முதியவரை மண்டியிடச் செய்தது ஒரு கேள்வியை அதிகாரத்தால் முடித்துவைக்க முயன்ற அநீதி என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. கேள்வி மட்டும் முடியவில்லை. 1651இல் போலோனாவில் இயேசு சபையைச் சேர்ந்த ரிச்சியோலி இரு தரப்பு வாதங்களையும் திரட்டி, பூமியின் ஓட்டத்துக்கு ஆதரவாக 49, எதிராக 77 என்று எண்ணிக் காட்டினார்.

1687இல் நியூட்டன் ஈர்ப்பு விசையை வைத்துக் கெப்ளரின் விதிகளுக்குக் காரணம் கூறியபின், இவ்வளவு பெரிய சூரியன் இவ்வளவு சிறிய பூமியைச் சுற்றுவது இயற்கைக்கு ஒவ்வாத செயலாகிவிட்டது. சூரியனும்கூட, எல்லாவற்றுக்கும் பொதுவான பாரமையத்தைச் சுற்றிச் சற்றே அசைகிறது என்பதையும் அவர் காட்டினார். கற்றோரில் பெரும்பாலோர் அனுமானப் பிரமாணத்தில் திருப்தியடைந்தார்கள். பிரத்யட்சத்தைத் தேடியவர்கள் சிலரே. லண்டனுக்கு நேர் மேலே கடந்து செல்லும் திரேகோ மண்டலத்து நட்சத்திரம் ஒன்றை 1669இல் ஹூக் முயன்று பார்த்துத் தோற்றார். 1725 டிசம்பரில் கியூ என்னும் ஊரில், மாலினியூ என்ற செல்வரின் வீட்டுப் புகைபோக்கியோடு பிணைக்கப்பட்ட நெடிய தொலைநோக்கியில், ஜேம்ஸ் பிராட்லி அதே நட்சத்திரத்தைக் கவனிக்கத் தொடங்கினார். நட்சத்திரம் நகர்ந்தது! ஆனால் தவறான திசையில் நகர்ந்தது. தெற்கே செல்வது நின்றிருக்க வேண்டிய காலத்தில் மேலும் தெற்கே சென்று, மார்ச்சில் நின்று, செப்டம்பருக்குள் வடகோடிக்கு வந்து, ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்காகிய விகலையில் இருபது இருபதாக இருபுறமும் ஊசலாடியது.

இரண்டாண்டுக்கு மேல் அவருக்கு விளங்கவில்லை. தேம்ஸ் நதியில் படகில் செல்லும்போது, காற்று மாறாமலே, படகு திரும்பும்போதெல்லாம் பாய்மரத்து உச்சிக்கொடி திசை மாறுவதைக் கண்டு அவருக்கு விடை பிறந்ததாகச் சொல்வார்கள். ஒளி வந்து சேரக் காலம் பிடிக்கிறது. அதற்குள் பூமி நகர்கிறது. ஆகையால் ஒளி வரும் திசை சாய்ந்து தோன்றுகிறது. சூரிய ஒளி நம்மை அடைய எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்பதையும் அந்தச் சாய்விலிருந்தே பிராட்லி கணக்கிட்டுவிட்டார். 1729இல் அறிவிக்கப்பட்ட இதுவே பூமி ஓடுகிறது என்பதற்கு மனிதன் பெற்ற முதல் நேரான சாட்சி. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எனினும் கிடைத்தது குறைந்த பொருளன்று. தேடிய இடமாறு தோற்றம் ஒரு விகலைக்கும் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாயிற்று.

அதை அளக்கும் கருவி வருவதற்கு மேலும் நூறாண்டு சென்றது. பிரீமன் நகரத்து வியாபாரக் கடையில் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கிய பெஸ்ஸல், கோனிக்ஸ்பர்க் வானாய்வகத்தில் ஃபிரான்ஹோஃபரின் பட்டறையிலிருந்து வந்த ஹீலியோமீட்டர் என்ற கருவியைக் கொண்டு, அன்னமண்டலத்தில் 61 என்ற எண்ணிட்ட மங்கலான நட்சத்திரத்தை 1837 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் இரவிரவாக அளந்தார். பிரகாசமான நட்சத்திரங்களை விட்டு அதை அவர் தேர்ந்தது, வானத்தில் அது ஆண்டுக்கு ஐந்து விகலைக்கு மேல் இடம் பெயர்ந்துகொண்டிருந்ததால் மிக அண்மையில் இருக்க வேண்டும் என்ற யூகத்தினால். 1838 இறுதியில் விடை வந்தது: 0.314 விகலை. அதாவது, அந்நட்சத்திரம் சூரியனைப்போல் ஆறரை லட்சம் மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஒளி நம்மை அடையப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். அரிஸ்டார்க்கஸின் அதிகப்பிரசங்கம் என்று தோன்றியது, உண்மைக்கு முன் அடக்கமான மதிப்பீடாகிவிட்டது. கோனிக்ஸ்பர்க்கும் கோப்பர்நிக்கஸ் வானத்தை அளந்த ஃபிராம்போர்க்கும் ஒரே காயலையொட்டிய ஊர்கள். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர்.

முந்தியிருக்க வேண்டியவர் வேறொருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்னம்பிக்கை முனையில் 1832, 1833ஆம் ஆண்டுகளில் ஆல்ஃபா செண்டாரியை அளந்த ஹெண்டர்சன், ஏறத்தாழ ஒரு விகலை இடமாற்றத்தைத் தம் குறிப்புகளிலேயே வைத்திருந்தும், பல பேர் இதே விஷயத்தில் அவசரப்பட்டு அவமானப்பட்டிருந்ததால் தயங்கி, பெஸ்ஸல் அறிவித்த பின்னர் 1839இல்தான் வெளியிட்டார். ரோமாபுரியோ அதுவரை காத்திருக்கவில்லை. செட்டேலே என்ற பாதிரியார் தம் பாடநூலில் பூமியின் ஓட்டத்தை மெய்யென்றே எழுதியதையொட்டி எழுந்த வழக்கில், 1822இல் அத்தகைய நூல்களுக்கு அனுமதி பிறந்தது. 1835இல் வெளியான தடைநூற் பட்டியலில் கோப்பர்நிக்கஸின் பெயரும் கலிலியோவின் பெயரும் காணப்படவில்லை. பெல்லார்மின் கேட்ட நிரூபணத்தின் கடைசிப் பகுதி கோனிக்ஸ்பர்க்கிலிருந்து வந்து சேர்ந்தது, அதற்கு மூன்று ஆண்டு கழித்து.